கைவசம் ஒன்று, உரிமை வேறு

செத்துப்போன சட்டத்தை உயிரோடு இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில்.

பினாங்குத் தீவு, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடம். கீழே பல் டாக்டர், மேலே தையல் வகுப்பு, நடுவில் எங்கள் சின்னக் கல்லூரி. வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுச் சட்டப் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் சனி, ஞாயிறுகளில் வருவார்கள். அவர்களுக்கு நான் ரோமாபுரியின் பழைய சட்டம் எடுக்கிறேன், அதிலும் சொத்துப் பகுதி. அது விருப்பப் பாடம். விருப்பம் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாடம் நடப்பது ஆங்கிலத்தில். சண்டை நடப்பது தமிழில்.

பாடத்தின் சாரத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு பொருள் உன் கையில் இருப்பது ஒன்று, அது உன்னுடையதாக இருப்பது வேறொன்று. முன்னதைக் கைவசம் என்றும் பின்னதை உரிமை என்றும் வகுப்பில் சொல்வேன். ரோமாபுரிக்காரர்கள் இந்த இரண்டையும் கலக்கவே விடமாட்டார்கள். நம் ஆட்கள் பிரிக்கவே விடமாட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். கொட்டாவிகளைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகிய வாத்தியார்களே, கட்சிக்காரர் தலையாட்டியதை நம்பி ஏமாந்த வக்கீல்களே, நீங்களெல்லாம் என் கூட்டாளிகள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

குடை

பக்கத்து அறையில் ஒப்பந்தச் சட்டம் எடுப்பவர் தேவராஜ் சார். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, சுவர் மாதிரி நிற்கும் ஒரு பலகை. என்னிடம் ஒரு நீலக் குடை இருந்தது. கைப்பிடி விரிசல் விட்டதால் அதில் நானே சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, வாசலில் இருக்கும் குடை வாளியில் அது இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் நனைந்துகொண்டே போனேன்.

அடுத்த வாரம் அதே குடைக்குக் கீழே, மூக்குக் கண்ணாடியில்கூட ஒரு துளி படாமல், தேவராஜ் சார் வந்து இறங்கினார். "சார், இது என் குடை" என்றேன். "ஆமா, உங்களுதுதான். நூலைப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு" என்று சொல்லி, குடையை மடக்கித் தன் அறைக் கதவில் மாட்டினார். போன வாரம் நான் நடத்திய பாடத்தைப் பலகை வழியாக முழுக்கக் கேட்டாராம். கைவசம் வைத்திருப்பவனிடமிருந்து உரிமைக்காரனேகூடப் பிடுங்கக்கூடாது என்று நான்தானே சொன்னேன்? திருட்டுத்தனமாக எடுத்தவனுக்கு, யாரிடமிருந்து எடுத்தானோ அவரிடம் இந்தச் சட்டம் செல்லாது என்ற மறுபாதியையும் அன்றைக்கு நடத்தியிருந்தேன். அது மட்டும் பலகையைத் தாண்டவில்லை போலிருக்கிறது. "திருடல, மாத்தி எடுத்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றார் ஒப்பந்தச் சட்டக்காரர்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிந்ததும் எனக்கு முன்னால் படியிறங்கிக் குடையை விரித்தவர், என்மேல் இரக்கப்பட்டு ஒரு நிமிடம் நின்று சொன்னார்: "உரிமை உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். மழைக்குக் கைவசம்தான் உதவும்."

பாலத்தில் விழித்தவர்

சரவணனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தவணை நின்றுபோன கார்களை வங்கிக்காக இழுத்து வருவது அவர் வேலை. "காடி வங்கிக்குச் சொந்தம், கைவசம் கஸ்டமருக்கு, நடுவுல நான். என் வேலைக்கே ஒரு தத்துவம் இருக்குன்னு இங்க வந்துதான் டீச்சர் தெரிஞ்சது" என்று முதல் வாரமே என்னைக் குளிர வைத்தவர்.

கைவசம் என்றால் உடம்பும் வேண்டும், மனசும் வேண்டும் என்பது பாடம். தூங்குகிறவன் கையில் ஒரு பொருளை வைத்தால் அது அவன் கைவசம் ஆகாது, ஏனென்றால் உடம்பு இருக்கிறது, மனசு இல்லை. "தூங்குறவன் கையில எவன் சாமான் வைக்கப்போறான்?" என்று பின் வரிசை சிரித்தது. அடுத்த வாரம் சரவணன் தாமதமாக வந்தார். உட்காரும்போதே கையைத் தூக்கிவிட்டார்.

கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒரு வீடமைப்புப் பகுதி. விடிந்தும் விடியாத நேரம். மரத்தடியில் கார் நின்றது. கண்ணாடி எல்லாம் கறுப்பு. வீட்டுக் கதவைத் தட்டினார், யாரும் திறக்கவில்லை. காரை லாரி முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தீவுக்கு வரும் கடற்பாலத்தில் பாதி தூரம் வந்திருப்பார். லாரியின் கண்ணாடியில், பின்னாலிருக்கும் காருக்குள் ஒரு தலை மெல்ல எழும்புவது தெரிந்தது. சரவணனுக்கு ஸ்டியரிங் நழுவிவிட்டது. பாலத்தில் நிறுத்தவும் முடியாது. அந்த ஆள் இடது பக்கம் கடலைப் பார்த்தார். வலது பக்கம் கடலைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

பாலம் முடிந்ததும் லாரியை ஓரங்கட்டி, அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று சரவணன் இறங்கிப் போனார். கார்க்காரரின் மச்சானாம் அவர். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்திருக்கிறார். வீட்டுக்குள் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தூக்கம் வராமல் காரில் படுத்திருக்கிறார். சரவணன் மன்னிப்புக் கேட்கக் கேட்க அந்த மனிதர் நிதானமாகத் தலைமுடியை வாரிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பரவால்ல தம்பி. இன்னிக்கு எனக்கும் பினாங்குல ஒரு சோலி இருக்கு. பஸ்ஸுக்கு நிக்கிறது மிச்சம். அப்படியே கொம்தார்ல இறக்கி விட்டுருங்க-லா."

பழம் யாருடையது?

பிரேமா ஒரு நர்ஸ். வீடு பாலிக் புலாவ் பக்கம், மலையடிவாரத்தில். பக்கத்துத் தோட்டம் மாரியப்பன் அண்ணனுடையது. அந்தத் தோட்டத்தின் பெரிய டுரியான் மரம் தன் தோட்டத்தில் வேரை வைத்துக்கொண்டு பிரேமாவின் சமையலறைத் தகரக் கூரைக்கு மேல் கிளையை நீட்டியிருந்தது. பலாப்பழம் மாதிரி முள்ளும் கனமுமான பழம் அங்கேதான் விழும். அவள் எடுத்துச் சாப்பிடுவாள். அவர் வேலி தாண்டி வந்து சத்தம் போடுவார். வருடா வருடம் பருவத்துக்குப் பருவம் இதே கூத்து.

விழுந்த பழம் விழுந்த நிலத்துக்குத்தான் சொந்தம் என்று ரோமாபுரியாவது சொல்லாதா என்று ஆசையோடு கேட்டாள். சொல்லவில்லை. உன் மரத்துப் பழம் அடுத்தவன் நிலத்தில் விழுந்தாலும் அது உன் பழம்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ வந்து பொறுக்கிக்கொள்ள அவன் விடவேண்டும். இதுதான் அங்கே சட்டம். பிரேமாவின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் நேர்மையான பெண். போய் அப்படியே மாரியப்பன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரோமாபுரியே தன் பக்கம் என்று கம்பத்து ஜனங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சாக்கோடு முன்வாசல் வழியாக வந்தார். வேலி தாண்டாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

பிரேமா நாற்காலி போட்டாள். காப்பி கொடுத்தாள். எடுத்து வைத்திருந்த பழங்களை ஒன்றுவிடாமல் சாக்கில் போட்டுக் கொடுத்தாள். பிறகு அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினாள். சோறு வேகும் இடத்துக்கு நேர் மேலே வட்டமாக ஆகாயம் தெரிந்தது. மாரியப்பன் அண்ணன் ஆகாயத்தைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், சாக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கூரையில் விழும் பழங்களைத் தேடி அவர் வந்ததே இல்லை. பிரேமா குரலைக்கூட உயர்த்தவில்லையாம். சொன்னது இவ்வளவுதான்: "பழம் உங்களுதுன்னா, அது போட்ட ஓட்டையும் உங்களுதுதான் அண்ணே. ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போங்க."

மூலை மேசை

காசிம் அண்ணன் லிட்டில் இந்தியா பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். கடை வாடகையை ஓர் ஏஜென்ட்டிடம் கொடுப்பார். அதற்கு மேலே யார், ஆளா கம்பெனியா, எதுவும் தெரியாது. ஒப்பந்தத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் படிக்க வந்தார்.

ரோமாபுரியில் 'கேட்டு வாங்கிய இடம்' என்று ஒன்று உண்டு. ஒருவர் தயவில் ஓர் இடத்தில் இருக்கலாம். அவர் எழுந்திரு என்றால் எழுந்துவிட வேண்டும், எத்தனை வருடம் இருந்திருந்தாலும் சரி. இதை நடத்தியபோது காசிம் அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் கடையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மூலை மேசை. அதில் தினமும் மதியக் கூட்ட நேரத்தில் ஒரு சீனப் பெரியவர் வந்து உட்கார்வார். ஒரே ஒரு தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர். அதை ஆற வைத்து, ஆடை கட்ட வைத்து, இரண்டு மணி நேரம் குடிப்பார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கூட்டம் அவரையே பார்க்கும். அவர் தெருவைப் பார்ப்பார். காசிம் அண்ணனின் வாப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் இருக்கிறார் என்ற தெம்பில் காசிம் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வைத்துவிட்டு மூலை மேசைக்குப் போனார். தயவு என்றால் என்ன, இடம் என்றால் என்ன, ரோமாபுரி எங்கே இருந்தது, எல்லாவற்றையும் மரியாதையாக எடுத்துச் சொன்னார். நான் வகுப்பில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். பெரியவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். தமிழர் தெருவிலேயே வளர்ந்தவர், தமிழ் தெளிவாகப் பேசுவார். ஒரு வாய் தேநீர் உறிஞ்சினார். இப்போது போனால் பார்ப்பீர்கள், அந்த மேசைக்கு மட்டும் பூப்போட்ட விரிப்பு. அதில் வேறு யாரையும் காசிம் அண்ணன் உட்கார விடுவதில்லை. பெரியவர் அன்று சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் தருகிறேன்: "மேசை உன்னுது காசிம். நாற்காலி உன்னுது. இந்தத் தே தாரிக்கும் உன்னுதுதான், இன்னும் காசு கொடுக்கல. கட்டடம் மட்டும் என்னுது-லா."

யாருக்கும் சொந்தமில்லாதது

மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: யாருக்கும் சொந்தமில்லாமல், முதலில் எடுத்தவனுக்கே சேர்ந்துவிடும் பொருளுக்கு ஓர் உதாரணம் தருக. கடல் மீன், காட்டுப் பறவை, கரையில் ஒதுங்கிய முத்து என்று எதிர்பார்த்தேன். ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: 'ஆசிரியர் அறை பிரிட்ஜில் பெயர் எழுதாமல் வைத்த கேக்.' அந்த வாரம் என் கேக் காணாமல் போயிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேரே தேவராஜ் சாரிடம் போய் நீட்டினேன். அவர் படித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முழு மார்க் போடுங்க டீச்சர். இதுக்கு நானே சாட்சி."

சைக்கிள் ஓட்டும் யானை

மெய்யம்மை ஆச்சிக்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஜவுளிக் கடை. பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு தேசத்தில். "மூளை சும்மா கெடந்து துருப்பிடிக்குது, எதையாவது படிச்சு வைப்போம்" என்று சேர்ந்தவர். அவரும் செட்டியாரும் ஒரு வாரம் கோயில் குளம் என்று ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், சந்துப் பக்கம் பார்த்த கடைச் சுவர் முழுக்க ஒரு யானை. ஊதா நிறம். சைக்கிள் ஓட்டுகிறது. அதைச் சுற்றி வெளியூர்க் கூட்டம், கையில் கேமராவோடு.

செட்டியார் அன்றைக்கே சுண்ணாம்பு டின் வாங்கிவிட்டார். ஆச்சி பொறுக்கச் சொல்லிவிட்டு வகுப்பில் கேட்டார், சுவர் யாருடையது, யானை யாருடையது என்று. வில்லங்கமான கேள்வி. ஒருவன் தாளில் இன்னொருவன் பொன்னெழுத்திலேயே எழுதினாலும் எழுத்து தாள்காரனுக்கு. ஆனால் ஒருவன் பலகையில் இன்னொருவன் படம் வரைந்தால் பலகையே ஓவியனுக்கு என்று ரோமாபுரியில் ஒரு கட்சி வாதாடி ஜெயித்திருக்கிறது. ஆச்சி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அப்ப என் சுவரு போச்சா?" இல்லை ஆச்சி, பலகையைத் தூக்கிக்கொண்டு போகலாம், சுவர் மண்ணோடு ஒட்டியது, மண்ணுக்கு உரியவருக்கே எல்லாம் என்றேன். உட்கார்ந்தார்.

அதற்குள் கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. யானையைப் பார்க்க வந்தவர்கள் வெயிலுக்குக் கடைக்குள் ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஆச்சி யானைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டார். அப்புறம் ஒரு கொடி கட்டி ஊதாச் சேலைகளைத் தொங்க விட்டார். செட்டியார் சுண்ணாம்பு டின்னை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு, வரிசையில் நிற்கச் சொல்லிக் கூட்டத்தை அவரே ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

ஒரு நாள் ஆச்சி போன் செய்தார். "டீச்சர், வரைஞ்ச பையன் வந்திருக்காக. கொஞ்சம் வந்துட்டுப் போங்க." மூன்று வாதங்களைத் தயார் செய்துகொண்டு ஓடினேன். ஓவியன் பின்னல் போட்ட முடியோடு, மரியாதையாகத்தான் பேசினான். படம் தன்னுடையதாம். பெஞ்சு யானையின் முன்காலையும் சேலைக் கொடி பின் சக்கரத்தையும் மறைக்கிறதாம். இரண்டையும் எடுத்துவிட வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி சொல்லிவிட்டார்: "படம் உங்களுதுதான் தம்பி, நான் இல்லேங்கல. கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. சுவரை மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போங்க."

அவன் சுவரைப் பார்த்தான். ஆச்சியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து, செட்டியார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வெகுநேரம் யோசித்து ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப யானைக்கு ஒரு சேலை கட்டி விட்டுரவா ஆச்சி? கடையில எந்தக் கலர் விக்காம கெடக்கு?"

சாவி

கலா கடைசி வரிசை. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கெலுகோரில் மாணவர்கள் வந்து போகும் ஒரு நகலெடுக்கும் கடையில் வேலை. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ரோமாபுரியில் ஒரு வீட்டை இரண்டு வருடம் தொடர்ந்து கைவசம் வைத்திருந்தால் அது சொந்தமாகிவிடும் என்று நடத்திய அன்று, படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "இருபது வருஷம் இருந்தா டீச்சர்?"

அப்பா வாங்கிய வீடு. பத்திரம் தம்பி ரவியின் பெயரில். ஆண் பிள்ளை அல்லவா. ரவி ஆஸ்திரேலியா போனான், அங்கேயே இருந்துவிட்டான். கலா வீட்டிலேயே இருந்தாள். முதலில் அப்பா படுத்தார், பிறகு அம்மா. இரண்டு பேரையும் கடைசி வரைக்கும் பார்த்து அனுப்பினாள். கல்யாணம் என்று வந்த ஒன்றிரண்டு பேச்சும் அந்தப் படுக்கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. இப்போது ரவி வீட்டை விற்க வருகிறான்.

நான் உள்ளதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த இரண்டு வருடச் சட்டம், வீடு தன்னுடையதுதான் என்று நியாயமாக நம்பிக் குடியிருந்தவனுக்கு. உனக்கு அது தம்பி வீடு என்று தெரியும். அது போக, நம் நாட்டில் பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் பேசும், கூட்டிப் பெருக்கிய வருஷம் பேசாது. "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கே வக்கீல் தோழி ஒருத்தியிடம் விசாரித்தேன். வழக்குப் போட்டுப் பார்க்கலாம், இழுக்கும், அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள் என்றாள். கலாவிடம் சொன்னேன். "கேஸ் வேணாம் டீச்சர். அவனை இடுப்புல தூக்கி வளர்த்திருக்கேன்" என்றாள்.

அடுத்த பாடம், கைவசத்தை ஒப்படைக்கும் முறை. கிடங்குக்குப் பக்கத்தில் நின்று சாவியைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் சரக்கு முழுவதையும் கொடுத்ததாக அர்த்தம். கலா கையைத் தூக்கினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "சாவியைக் கொடுத்துட்டா, வீட்டுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் கொடுத்த மாதிரியா?" ஆமாம் என்றேன். "எல்லாத்தையுமா?" எல்லாவற்றையும்தான் என்றேன். அப்போது அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

ரவி வந்து இறங்கினான். அக்கா காப்பி கொடுத்தாள், சாவிக்கொத்தைக் கொடுத்தாள், ஒரு பையோடு தோழி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நீ ஏன் போகிறாய் என்று தடுத்திருக்கிறான். "உன் வீடு தம்பி. நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

அன்று மாலையிலிருந்தே போன். வகுப்பிலும் வந்தது. என் அனுமதியோடுதான் எடுத்தாள். கேட் திறக்கவில்லை. "இடது காலால கொஞ்சம் தூக்கிவிட்டுத் தள்ளு." தண்ணீர் ஏறவில்லை. "பம்பு தலையில ரெண்டு தட்டு தட்டு, அடிக்காத, தட்டு." குளியலறை விளக்கு சுவிட்சைக் காணோம். "அது அடுப்படியில இருக்கு." பக்கத்து வீட்டு நாய் வாசலில் படுத்துக்கொண்டு உள்ளே விடமாட்டேன் என்கிறது. "பிஸ்கட் போட்டாத்தான் எந்திரிக்கும். கிரீம் வச்சது திங்காது." மழை வந்தால் சாமி அறையில் ஒழுகுகிறது. "பச்சை வாளி வை. சிவப்பு வாளி வைக்காத, அதுவே ஒழுகும்." காசிம் அண்ணன் நோட்டை மூடிவிட்டு, அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். நானும்தான். வீடு பார்க்க ஏஜென்ட் கூட்டி வந்தவர்களை அந்த நாய் உள்ளேயே விடவில்லை என்று கேள்விப்பட்டபோது வகுப்பில் கைதட்டல்.

ஞாயிற்றுக்கிழமை வந்த போனில் அவன் எதுவும் கேட்கவில்லை. அம்மா படுத்திருந்த அறையை அன்றுதான் திறந்தானாம். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரோரமாக ஒரு கைப்பிடிக் கம்பி. இது எப்போது போட்டது என்றான். "அம்மா வழுக்கி விழுந்த வருஷம். ஆள் கிடைக்கல, நானே அடிச்சேன். ரெண்டு எடத்துல கோணலா இருக்கும்" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. கலாவும் போனை வைத்துவிட்டு, கரும்பலகையில் இருந்ததை எழுத ஆரம்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை. நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் கல்லூரி வாசலில் ரவியே அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம். என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த ரோம் டீச்சரா?" என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டான், கொஞ்சம் பயந்த மாதிரி. வீடு விற்பனைக்கு இல்லை. நில அலுவலகத்துக்குப் போய், பத்திரத்தில் அக்கா பெயரையும் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டான். அவனுக்கு விமானம் ஏற நேரமாகிவிட்டது. படியேறும்போது கலாவிடம் கேட்டேன், என்ன பேசினாய், எந்தச் சட்டத்தைச் சொன்னாய், அழுதாயா, சண்டை போட்டாயா என்று. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் பேசல டீச்சர். நீங்க சொன்ன மாதிரி சாவியை மட்டும்தான் கொடுத்தேன்."

பாதி உலகத்தைக் கைவசம் வைத்திருந்த ரோமாபுரிக்காரர்களுக்கே கடைசியில் ஓரடி நிலமும் உரிமையாக மிஞ்சவில்லை என்னும்போது, அவர்கள் விட்டுப்போன பாடத்தை வைத்துப் பினாங்கில் ஒரு ஜீவன் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பதுதான் அந்தச் சாம்ராஜ்யத்தின் ஒரே உருப்படியான சொத்து என்று நான் நினைக்கிறேன்.